ஊற்று யாருடையது? ஊர்ப் பொதுவேலையில் சம்பந்தப்பட்டவர்களைக் கண்டறிய ஓர் எளிய விளக்கம்

ஊருக்குப் பொதுவாக ஒரு வேலை எடுக்கிறோம். பைப்பு வந்து இறங்கிவிட்டது, சிமெண்ட் மூட்டையைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அடுக்கியாயிற்று, பூமி பூஜையும் முடிந்தது. மறுநாள் காலை பள்ளம் தோண்டப் போனால் ஒருவர் குறுக்கே நிற்கிறார். “என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்கிறார். பிடிவாதக்காரர் என்று அவரைப் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அவர் கேட்பது சரியான கேள்வி. அவருடைய களத்தை ஒட்டித்தான் குழாய் போகிறது. களம் பிளந்தால் அந்த வருடம் காப்பி காய வைக்க அவருக்கு வேறு இடம் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் குழாய் நாலடி தள்ளிப் போயிருக்கும்.

ஒரு வேலையால் நன்மையோ நட்டமோ அடையப் போகிறவர்கள், அந்த வேலையை நடத்திக் கொடுக்கவோ நிறுத்தவோ முடிந்தவர்கள், இவர்கள் அத்தனை பேரையும் சேர்த்து ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்கிறார்கள். 1984-இல் எட்வர்டு ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய பிறகு நிர்வாகப் படிப்பில் இந்தச் சொல் பரவலானது. நம் ஊர் அறிக்கைகளில் இதைப் ‘பங்குதாரர்’ என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பங்குதாரர் என்றதும் பணம் போட்டவர்தான் கண்முன் வருவார். பணம் போடாத, கேட்கப்படாத, ஆனால் வேலை முடிந்ததும் தண்ணீர் இல்லாமல் நிற்கப் போகிற ஆள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். ‘பயனாளி’ என்ற சொல்லும் போதாது, அதில் நன்மை பெறுபவர் மட்டும்தான் இருக்கிறார். “சம்பந்தப்பட்டவங்களக் கூப்பிட்டு வச்சுப் பேசுங்க” என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் சொல்தான் இங்கே பொருத்தம். இந்தக் கட்டுரை முழுக்க அதையே பயன்படுத்துகிறோம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்: நன்மை பெறுகிறவர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள், நட்டப்படப் போகிறவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மாதிரிக்கு ஓர் ஊற்று

சேர்வராயன் மலையில் ஒரு கிராமத்தை மனதில் வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொள்கிற கிராமம்தான். 60 வீடு, ஏறத்தாழ 240 பேர். மேட்டில் ஓர் ஊற்று. அங்கிருந்து குழாய் போட்டு, ஊருக்கு மேலே ஒரு தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு தண்ணீர் கொடுக்க வேண்டும். மோட்டார் வேண்டாம், சரிவே தண்ணீரைக் கொண்டுவந்துவிடும்.

பட்டியல் போடும் முன்னால் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “ஊற்றுத் தண்ணீரில் ஒரு பகுதியைக் குழாய் வழியாக 60 வீட்டுக்கு, வருடம் முழுவதும், குடிக்கவும் சமைக்கவும் கொடுப்பது.” இதில் ‘ஒரு பகுதி’ என்பதும் ‘வருடம் முழுவதும்’ என்பதும் ‘குடிக்கவும் சமைக்கவும்’ என்பதும் ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவரும், ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தும். “ஊருக்குத் தண்ணீர் வசதி செய்வது” என்று பொதுவாக எழுதினால் யார் சம்பந்தப்பட்டவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் எல்லை இல்லை.

பட்டியலை நடந்து எழுதுங்கள்

ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினால் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர், மகளிர் குழுத் தலைவி என்று பத்துப் பெயர் வரும். அவர்கள் எப்படியும் வருகிறவர்கள். மீதிப் பெயர்கள் தண்ணீர் போகும் வழியில் கிடக்கின்றன. ஊற்றுக்கு மேலே ஒரு கிலோமீட்டரில் தொடங்கி, ஊற்றைக் கடந்து, ஊரைக் கடந்து, ஓடை வேறொரு ஓடையில் சேரும் இடம் வரை இறங்கி நடங்கள். கூட ஊர்க்காரர் இருவர் வரட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

ஊற்றுக்கு மேலே யார் இருக்கிறார்? காப்பித் தோட்டம் இருக்கலாம். தோட்டத்தில் பழம் உரிக்கும் பல்ப்பர் இருந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அதன் கழுவுநீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மருந்து அடிக்கும் மாதம் எது என்று கேட்க வேண்டும். தோட்ட மேனேஜரைப் பார்ப்பதோடு, கணக்கு எழுதும் ரைட்டரையும் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியையும் பாருங்கள். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஊற்றிலிருந்து மேட்டுப்பக்கம் குறைந்தது 30 மீட்டருக்குள் கழிப்பறைக் குழியும் மாட்டுக்கொட்டகையும் இருக்கக் கூடாது என்பது ஊற்றுப் பாதுகாப்பில் பொதுவான விதி. அந்த 30 மீட்டருக்குள் ஒருவருக்குக் கொட்டகை இருந்தால், ஊரே தண்ணீர் குடிக்க அவர் ஒருவர் மட்டும் கொட்டகையைப் பிரிக்க வேண்டிவரும். அவருடைய பெயர் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். கொட்டகையை மாற்றிக் கட்டும் செலவும் மதிப்பீட்டில் சேர வேண்டும்.

ஊற்றடியில் பெரும்பாலும் ஒரு சாமி இருக்கும். மரத்தடியில் ஏழு கல் நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுவார்கள். செருப்போடு போகக் கூடாது, சில நாட்களில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கும். பூசாரியும், ஊர்ப் பெரியவரான ஊர்க்கவுண்டரும் பேசி நாள் குறிக்காமல் அங்கே கடப்பாரை விழுந்தால், வேலை நின்றுவிடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. அந்தக் கட்டுப்பாடுதான் இத்தனை காலம் ஊற்றைச் சுற்றிய மரங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை மதிக்காமல் கட்டிய தொட்டியை ஊர் தன்னுடையதாக நினைக்காது.

ஊற்றுக்குக் கீழே இறங்கினால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. வழிந்தோடும் தண்ணீரில் எட்டு வீட்டுக்காரர்கள் கீரையும் பீன்ஸும் வைத்திருப்பார்கள். ஒரு பள்ளத்தில் ஆடுமாடு தண்ணீர் குடிக்கும். இன்னும் கீழே தோட்டத்து லைன் வீடுகள், அங்கே வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள், அவர்களில் சிலருக்கு இந்த ஊராட்சியில் ஓட்டே இருக்காது. ஓட்டு இல்லாததால் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. குழாய் போட்டதும் முதலில் தண்ணீர் இழப்பது அவர்கள்தான்.

காட்டெருமையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பக்கம் தோட்டங்களில் அது சாதாரணமாக நடமாடுகிறது. கோடையில் அது குடிக்கிற பள்ளம் வற்றினால் ஊர்த் தொட்டியைத் தேடி வரும், அப்புறம் விடிகாலையில் குடத்தோடு போகிறவர்களுக்கு ஆபத்து. வாயில்லாத ஜீவனுக்காகப் பேச வேண்டிய பொறுப்பு வனத்துறைக்கு இருக்கிறது, ஆகவே வனவரிடம் அந்தப் பள்ளத்தைக் காட்டியே பேசுங்கள்.

ஒரே நாளில் நடந்து முடித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. காலை 5 மணிக்கு ஊற்றடியில் நிற்பவர்கள் வேறு, பகல் 12 மணிக்கு நிற்பவர்கள் வேறு. காப்பி எடுப்பு நடக்கும் மாதங்களில் பகலில் ஊரில் ஆள் இருக்காது, எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். வெளியூர் வேலைக்குப் போன இளைஞர்கள் பொங்கலுக்கும், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள். நட்ட நடு வேலைநாளில் கணக்கெடுத்துவிட்டு “இந்த ஊரில் கிழவர்கள்தான் இருக்கிறார்கள்” என்று எழுதியவர்கள் உண்டு.

பார்க்கும் ஒவ்வொருவரிடமும் கடைசியாக ஒரே கேள்வி: “இன்னும் யாரைப் பார்க்கணும்?” தொடர்ந்து மூன்று பேர் புதுப்பெயர் எதுவும் சொல்லவில்லை என்றால் பட்டியல் ஓரளவு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று கேளுங்கள், இது கொஞ்சம் கூச்சமான கேள்வி: “இந்த விஷயத்துல யாரைப் பார்க்க வேண்டாம்?” யாருடைய பெயரை ஊர் சொல்லத் தயங்குகிறதோ, அவர் வீட்டுக்கும் போக வேண்டும்.

நடந்து முடித்த பின், ஒரு மாலை ஊர்ப் பொது இடத்தில் தரையில் படம் போடலாம். காகிதமும் பேனாவும் எடுத்தால் படித்தவர் கையில் போய்விடும். கோலப்பொடி எடுத்தால் பெண்கள் குனிந்து வரைய ஆரம்பிப்பார்கள். ஓடைக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு கூழாங்கல், தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு ஒரு இலை. எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்பதற்குப் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். “எங்க வீட்டக் காணோமே” என்று ஓர் ஆயா சொல்லும்போது பட்டியலில் விட்டுப்போன குடும்பம் கிடைத்துவிடும்.

ஒரு வாளியும் ஒரு கடிகாரமும்

சம்பந்தப்பட்டவர்களைப் புரிந்துகொள்வது பேச்சில் மட்டும் நடக்காது. தண்ணீரை அளந்தால்தான் யாருக்கும் யாருக்கும் இடையே சண்டை வரும் என்பது தெரியும்.

20 லிட்டர் வாளி ஒன்றை ஊற்று விழும் இடத்தில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். மூன்று முறை பார்த்து நடுவான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் 40 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். தாராளம். அதே ஊற்றில் ஏப்ரலில் வாளி நிரம்ப 160 வினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 7.5 லிட்டர், நாளுக்கு 10,800 லிட்டர்தான்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் கொடுக்க மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 240 பேருக்கு 13,200 லிட்டர் வேண்டும். ஏப்ரல் ஊற்றை ஒரு சொட்டு விடாமல் குழாயில் அடைத்தாலும் 2,400 லிட்டர் குறையும், கீழே ஓடைக்கு எதுவும் மிஞ்சாது. டிசம்பரில் அளந்து திட்டம் போட்டவர்கள் ஏப்ரலில் ஊரைக் கீழ்வீட்டுக்காரர்களோடு மோதவிடுகிறார்கள்.

இப்போது இப்படிப் பாருங்கள். கோடை மாதங்களில் மட்டும் ஊற்றிலிருந்து ஆளுக்கு 30 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். அது 7,200 லிட்டர். துவைக்கவும் குளிக்கவும் பழைய கிணற்றைத் தூர்வாரிக்கொள்ளலாம். மீதி 3,600. ஊரில் 40 மாடு இருந்தால் மாட்டுக்கு 40 லிட்டர் வீதம் 1,600, நூறு ஆட்டுக்கு 5 லிட்டர் வீதம் 500. அதுபோக 1,500 லிட்டர் ஓடைக்கு இறங்கும். அது எட்டு வீட்டுக் கீரைப்பாத்திக்குப் போதாது என்பது உண்மை. அவர்களோடு இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, சித்திரையில் என்ன பயிர் வைப்பது, எதை விடுவது என்று பேச முடியும். கணக்கு இல்லாமல் போனால் “பாத்துக்கலாம், தண்ணி வரும்” என்று பொய்ச் சமாதானம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

தொட்டி அளவும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. இரவு 8 மணியிலிருந்து காலை 6 வரை பத்து மணி நேரம், மணிக்கு 450 லிட்டர், மொத்தம் 4,500. ஆக 5,000 லிட்டர் தொட்டி போதும். பெரிதாக இருந்தால் பெருமை என்று 20,000 லிட்டருக்குக் கட்டினால் கோடையில் அது நிறையவே நிறையாது, ஊரில் “தண்ணிய எங்கயோ திருப்புறாங்க” என்று பேச்சு கிளம்பும்.

ஊற்றுக்கண்ணில் பெட்டி கட்டும் கொத்தனாரும் சம்பந்தப்பட்டவர்தான். வெளியேறும் குழாயை ஊற்றுக்கண்ணைவிட உயரத்தில் வைத்துவிட்டால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி அழுத்தும், ஊற்று வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விடக் கூடும். வெடி வைத்து அகலப்படுத்துவதும் ஊற்றைக் கொல்லும் வேலை. அவரிடம் இதைப் படம் போட்டு விளக்கி, வழிந்தோடும் குழாய் எந்த உயரத்தில் என்பதைக் கீழ்வீட்டுக்காரர் ஒருவர் கண்ணெதிரில் குறிக்க வேண்டும்.

சொன்ன வார்த்தையும் உள்ளே இருக்கும் தேவையும்

“என் நிலத்துல பைப்பு போகக் கூடாது.” இது ஒருவர் எடுத்த நிலை. இதற்கு எதிராக வாதாடினால் அவர் இன்னும் இறுக்கமாவார். “ஏனுங்க, பைப்பு போனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டால் காரணம் வெளியே வரும். நாளைக்கு இதைப் பொதுப்பாதை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். வரப்போரத்து மிளகுக்கொடியின் வேர் அறுந்துவிடும் என்ற கவலையாக இருக்கலாம். அண்ணன் தம்பிக்குள் இன்னும் பாகம் பிரியாமல், சம்மதம் சொன்னால் அது தன் பங்கு என்று ஆகிவிடுமோ என்ற குழப்பமாகவும் இருக்கலாம். முதலாவதற்கு, குழாய் போவதால் நிலத்தில் ஊராட்சிக்கு உரிமை வராது என்று எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டாவதற்குப் பள்ளத்தைத் தள்ளித் தோண்ட வேண்டும். மூன்றாவதற்குப் பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வேண்டும். ஒரே மறுப்புக்கு மூன்று வெவ்வேறு மருந்து.

ஒவ்வொருவர் பெயருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த வேலையால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும், எதை அறிந்தவர், எதைக் கொடுக்க முடியும், எதை நிறுத்த முடியும் என்று எழுதுங்கள். ‘எதை அறிந்தவர்’ என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாசி மாதம் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று தண்ணீர் சுமக்கும் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரியும். எந்தப் பொறியாளரும் நாலு வருடக் கோடையை உட்கார்ந்து அளக்கப் போவதில்லை.

பெண்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் மாமனார், கொழுந்தன் முன்னால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே, அவர்கள் வேலையைக் கெடுக்காமல், கூட ஒரு குடம் தூக்கிக்கொண்டு பேசினால் அதுதான் நல்ல கூட்டம்.

கூட்டல் குறி ஒன்று போடுங்கள்

பட்டியலில் முப்பது நாற்பது பெயர் சேர்ந்ததும் திணறல் வரும். ஒரு தாளில் பெரிதாகக் கூட்டல் குறி போடுங்கள். மேலே போகப்போக, வேலையை நடத்தவோ நிறுத்தவோ அவருக்குள்ள பலம் கூடுகிறது. வலப்பக்கம் போகப்போக, வேலை அவர் வாழ்க்கையைத் தொடும் அளவு கூடுகிறது. ஒவ்வொரு பெயரையும் சிறு சீட்டில் எழுதி அதனதன் இடத்தில் வையுங்கள், ஒட்ட வேண்டாம், நகரும்.

பலமும் பாதிப்பும் இரண்டும் கூடியவர்கள் வலப்பக்க மேல்மூலையில் வருவார்கள்: ஊராட்சித் தலைவர், ஊற்று தன் எல்லைக்குள் வருகிற தோட்டக்காரர், ஊர்க்கவுண்டர். இவர்களோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். பலம் உண்டு, பாதிப்பு குறைவு என்றால் வனத்துறை, ஒன்றியப் பொறியாளர், குடிநீர் வடிகால் வாரியம். இவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டும் குறைந்தவர்களுக்குத் தகவல் சொன்னால் போதும்.

மிஞ்சுவது வலப்பக்கக் கீழ்மூலை. வேலை அவர்கள் வாழ்க்கையை முழுதாகத் தொடுகிறது, ஆனால் அவர்கள் பேச்சு எடுபடாது. லைன் வீட்டுக் குடும்பங்கள், குழாயின் கடைசியில் இருக்கும் நாலு வீடு, பங்குத்தொகை கட்ட முடியாத தனித்த பெண்கள், ஆடு மேய்ப்பவர். நிர்வாகப் பாடங்களில் இந்த மூலைக்கு “தகவல் கொடுத்துக்கொண்டே இருங்கள்” என்றுதான் எழுதியிருப்பார்கள். கம்பெனிக்கு அது சரியாக இருக்கலாம். ஊர் வேலைக்கு அது தவறு, அநியாயமும்கூட. பலமுள்ளவர் தனக்கு வேண்டியதை எப்படியும் வாங்கிக்கொள்வார். இந்த மூலையில் உள்ளவர்களை முதலில் சந்தித்து, அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் மற்ற மூன்று மூலைக்கும் போக வேண்டும்.

இடமாற்றமும் நடக்கும். தொட்டி இயக்குபவருக்குக் கட்டுமானம் நடக்கும் வரை எந்தப் பலமும் கிடையாது. வேலை முடிந்த மறுநாள் வால்வு அவர் கையில் வந்துவிடும், எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அவரைத் தொடக்கத்திலிருந்தே குழாய் பதிக்கும் வேலையில் சேர்த்துக்கொண்டால் எங்கே இணைப்பு, எங்கே வளைவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

துறையும் சட்டமும்

நிலம் யாருடையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடா என்பதைப் பொறுத்து, தட்ட வேண்டிய கதவு மாறும். காட்டு நிலமென்றால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு உதவும். குடிநீர்க் குழாய், சிறு நீர்நிலை, பள்ளிக்கூடம், சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு அரசு காட்டு நிலத்தை ஒதுக்க அது வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான் எடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். கிராம சபையை ஒரு சடங்காக நினைப்பவர்கள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும்: அந்தத் தீர்மானம் இல்லாமல் இந்த வழியில் நிலம் ஒதுக்க முடியாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் ஊராட்சிக்குள்ளேயே பல மலைக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. கூட்டம் நடக்கும் இடத்துக்கு வர மலைப்பாதையில் நடக்க வேண்டிய கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் மதியச் சோற்றுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொரு ஊரிலும் தனிக்கூட்டம் வைத்து, அங்கே பேசியதை எழுதி, அந்த ஊர்க்காரர் ஒருவர் வாயாலேயே சபையில் சொல்ல வையுங்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் மலைப்பகுதிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் மக்கள் பங்கு 5 சதவீதம், மற்ற ஊர்களில் 10. ஊருக்குள் குழாயும் தொட்டியும் போட 8 லட்சம் ரூபாய் என்றால் 40,000 ரூபாய், 60 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 670. அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை, பொருளாகவும் உடலுழைப்பாகவும் தரலாம். இதைச் சொல்லாமல் வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால் கட்ட முடியாதவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்கியவர் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்குழுவில் 10 முதல் 15 பேர், பாதிப்பேர் பெண்கள் என்பதும் இந்தத் திட்டத்தின் விதி.

கேட்டோம் என்பதற்கும் கேட்டு மாற்றினோம் என்பதற்கும்

1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடியில் இரண்டு படி ஏமாற்று வேலை. நடுவில் மூன்று படி, தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. மேல் மூன்று படியில்தான் முடிவு மக்கள் கையில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, டீயும் வடையும் கொடுத்து அனுப்புவது நடுப்படியைத் தாண்டாது. ஒரு சின்னச் சோதனை உண்டு. கூட்டத்துக்கு முன்னால் போட்ட வரைபடத்தையும் பின்னால் போட்டதையும் அருகருகே வையுங்கள். ஒரு கோடுகூட நகரவில்லை என்றால் யாரையும் கேட்கவில்லை என்று பொருள்.

சமவெளியில் ஏரி என்றால்

மலையிலிருந்து இறங்கிச் சேலம் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வார நினைத்தால் முறை அதேதான், ஆட்கள் மாறுவார்கள். ஏரி யார் பொறுப்பில் என்பது முதல் கேள்வி: ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். நகரத்துக்குள் என்றால் மாநகராட்சியும் சேர்ந்துவிடும். ஆயக்கட்டு விவசாயி, மீன் குத்தகைக்காரர், வண்டல் எடுப்பவர், மண்பாண்டம் செய்பவர், சலவைத் தொழிலாளி, கரையில் குடிசை போட்டிருப்பவர், விநாயகர் சிலை கரைக்க வருகிறவர்கள், விடியலில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். இதில் நடைப்பயிற்சிக்காரர் குரல்தான் உரக்கக் கேட்கும். குடிசைக்காரர் குரல் கேட்கவே கேட்காது. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010 முதல் பொதுமக்கள் இறங்கித் தூர்வாரியபோது, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இதுபோல எங்கே செய்ய நினைத்தாலும் பறவைக்கு இடம் கிடைக்கும், மீன் பிடிப்பவர் வலை வீசும் பரப்பு மாறும். அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும்.

திருமணிமுத்தாறு போன்ற ஆறு என்றால் எல்லை இன்னும் விரியும். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேர, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நகரக் கரையை மட்டும் அழகுபடுத்தும் வேலைக்குக் கீழ்ப்பக்க விவசாயியைக் கூப்பிடத் தோன்றாது. அவர் கிணற்றுத் தண்ணீரின் நிறத்தை வைத்துத்தான் அந்த வேலையை அளக்க முடியும்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

ஊர் என்பதை ஒரே ஆளாக நினைப்பது முதல் சறுக்கல். “ஊர் ஒத்துக்கொண்டது” என்ற வாக்கியத்தை நோட்டில் எழுதவே கூடாது. யார், எந்தத் தெரு, எந்த நாள் என்று எழுதுங்கள். அடுத்தது, ஒரு சமூகத்துக்கு ஒருவரைப் பிரதிநிதி என்று நாமே நியமித்துக்கொள்வது. அவரை அந்தத் தெருவே ஏற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தேர்தல் நெருக்கத்தில் தொடங்கும் வேலையை ஒரு கட்சி வேலையாக ஊர் பார்க்கும், ஆகவே முடிந்தால் மூன்று மாதம் முன்போ பின்போ தொடங்குவது நல்லது. கோடையில் லாரித் தண்ணீர் விற்கிறவருக்கு இந்தத் தொட்டியால் வருமானம் போகும். அவரை எதிரியாக்காமல், அவர் லாரியையே பைப்பு ஏற்றி வரக் கூலிக்கு அமர்த்தலாம். எல்லாருடைய நட்டத்தையும் ஈடுகட்ட முடியாது. முடியாததை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், மழுப்பினால் நம்பிக்கை போய்விடும்.

பட்டியலைத் தண்ணீர் திறந்த அன்றே மூடி வைக்காதீர்கள். முதல் ஏப்ரலில் அதே வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றடிக்குப் போய் வினாடியை எண்ணுங்கள். பிறகு ஓடையோடு இறங்கி எட்டு வீட்டுக் கீரைப்பாத்தியையும், காட்டெருமைப் பள்ளத்தையும், லைன் வீட்டுக் குழாயடியையும் பாருங்கள். தொட்டிச் சுவரில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணி என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் கீழே, கோடையில் ஆளுக்கு 30 லிட்டர் என்பதையும், வழிந்தோடும் குழாயை யாரும் அடைக்கக் கூடாது என்பதையும் எழுதி, முடிவெடுத்த நாளையும் போட்டு வையுங்கள்.